பாம்பார் சோலைச் சரிவில் மரம் நடும் முறையை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்
சோலை மர நாற்றங்கால் தொழிலாளர்கள் மற்றும் பாம்பார் பாசன விவசாயிகள்,
கொடைக்கானல்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: மூடப்பட்ட வெப்பமானி ஆலை வளாகத்தின் பாதரச மண்ணில் மரம் நடுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாம்பார் சோலை என்னும் மலைக்காட்டுக்கு மேலே, 2001-இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் மண்ணைக் கழுவி, சூடேற்றிப் பாதரசத்தைப் பிரித்த பிறகும் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை மண்ணில் இருக்கலாம் என்பதே அனுமதித்த அளவு. மிச்சத்தை மரம் உறிஞ்சிவிடும் என்று சிலர் சொல்லி வருகிறார்கள். உறிஞ்சாது. வேருக்குள் போகும் பாதரசம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். இலையில் இருப்பது பெரும்பாலும் காற்றிலிருந்து இலைத்துளை வழியே ஏறியது. இலை உதிர்ந்தால் அதுவும் மண்ணுக்கே வந்து சேரும்.

மரத்தை நட வேண்டிய காரணம் வேறு. பாதரசம் நுண்மண்ணோடும் மட்கோடும் ஒட்டிக்கொண்டுதான் மழையில் பாம்பார் ஆற்றுக்கு இறங்குகிறது. அந்தத் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் போகிறது. சரிவில் மண் நகராமல் வேர் பிடித்து நிறுத்தினால் போதும், அதுவே பெரிய வேலை.

எனவே மண் சுத்திகரிப்பு வேலை நடக்கும் இடத்தில் மரத்தை வெட்டியே ஆக வேண்டுமென்றால் அடிக்கட்டையைப் பிடுங்கக் கூடாது. கட்டையின் வேர் மட்கிப் பிடிப்பை இழக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் புது வேர் இறங்கியிருக்க வேண்டும். தவறினால் ஏதோ ஒரு ஐப்பசி மழையில் சரிவு பெயரக்கூடும்.

கழுவிச் சூடேற்றிய மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்காது. மட்கு இல்லை, வேரோடு வாழும் பூஞ்சையும் இல்லை. குழிக்கு 2 கிலோ மட்கிய தொழுவுரமும், பாதிப்பில்லாத வேறொரு சோலையின் மேல்மண் இரண்டு கைப்பிடியும் இட வேண்டும். பாம்பார் சோலை மண்ணை இதற்கு எடுக்கவே கூடாது. முதலில் தென்னை நார் வலை விரித்து, சரிவுக்குக் குறுக்கே மலைப்புல் கரணைகளை வரிசையாக ஊன்ற வேண்டும். வெட்டிவேர் இந்தக் குளிரில் மெதுவாகத்தான் வளரும். அதை மட்டும் நம்ப முடியாது.

முதல் ஆண்டில் விராலி, தவிட்டுப்பழம், குறிஞ்சிச் செடிகள். அவற்றின் நிழலில் அடுத்த ஆண்டு காட்டு நாவல், காட்டுச் செண்பகம். வெட்டவெளியில் நட்ட சோலைக் கன்று மார்கழி உறைபனியில் கருகிவிடும். காலையில் பார்த்தால் நுனி வெந்த கீரைபோலத் தொங்கும். கன்று 45 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். இடைவெளி 2 மீட்டர். ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்றுகள். குழி 30 செ.மீ. போதும், பெரிய குழி தோண்டினால் அடிமண் கிளறி ஆவி கிளம்பும். தோண்டுபவர்களுக்குக் கையுறையும் பாதரச ஆவியைத் தடுக்கும் முகக்கவசமும் வேண்டும், துணிக்கவசம் பயன்படாது. காட்டுமாடு ஒரு இரவில் வரிசையையே மிதித்துவிடும் என்பதால் வேலி போட்ட பிறகே நடவு. கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில்), பைன் வேண்டவே வேண்டாம். சருகு தீப்பிடித்தால் பிடித்து வைத்த பாதரசமும் புகையோடு போய்விடும்.

வழக்கமான நடவுத் திட்டங்களில் வெட்டும் நீர்த்தேக்கக் குழிகளை இங்கே வெட்டக் கூடாது. தண்ணீரும் இலைமட்கும் காற்றின்றித் தேங்கும் சேற்றில்தான் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாற்றும். மீனில் ஏறுவது அதுதான். வடிகால் தேங்காமல் ஓட வேண்டும். ஓடிவரும் மண்ணைப் பிடிக்கும் வண்டல் தொட்டியை மழைக்கு முன்பே அள்ளி, அள்ளிய வண்டலையும் அபாயக் கழிவாகவே கையாள வேண்டும். அங்கிருந்து விறகோ சருகோ வெளியே போகக் கூடாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் மண், சருகு, வண்டல் மாதிரி எடுக்க உத்தரவிட வேண்டுகிறோம். மாதிரியை 105 டிகிரி அடுப்பில் உலர்த்தினால் பாதரசத்தில் ஒரு பங்கு ஆவியாகி அளவு குறைவாகக் காட்டும். 40 டிகிரிக்குக் கீழே உலர்த்தியதை அறிக்கையிலேயே எழுத வேண்டும். முதல் மாதிரியை ஊர்மக்கள் முன்னிலையில் எடுக்கத் தேதி குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
கொடைக்கானல்