பூவைத் திருப்பிப் பார்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் குமாருக்கு,

உன் கடிதம் வந்தது, போனில் அனுப்பிய படங்களும் வந்தன. தங்கச்சிக்கு முழங்கால் நோவு குறைந்திருக்கிறது என்று அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைத்துப் போய்விட்டாள். மாரி இந்த முறை குறைவில்லாமல் பெய்தது. தம்பலகாமப் பக்கம் வயல் எல்லாம் கதிர் சாய்ந்து நிற்கிறது; இனி ஒரு மழை வராமல் இருந்தால் சரி.

படங்களுக்கு வருகிறேன். எல்லாப் பூவையும் மேலே இருந்து, முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறாய். பார்க்க அழகுதான். ஆனால் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளை முகம் பார்த்து இனம் காண முடியாது, மச்சான். சுற்றிவர வெள்ளை, நடுவில் மஞ்சள் என்றால் அது எத்தனையோ செடிக்குப் பொருந்தும். இனிப் படம் எடுக்கும்போது பூவைத் திருப்பி அடிப்பக்கமும் காம்பும் தெரிய ஒன்று எடு. இலை தண்டில் எப்படி நிற்கிறது என்று தெரிய ஒன்று. முற்றிய விதை கிடைத்தால் உள்ளங்கையில் வைத்து இன்னொன்று. இவ்வளவும் இருந்தால் உன் வளவில் நிற்கும் பாதிச் செடிக்கு இங்கே இருந்தே பெயர் சொல்லிவிடுவேன்.

ஏன் இப்படி வற்புறுத்துகிறேன் என்றால், இந்தக் குடும்பத்தில் நாம் பூ என்று பறிப்பது ஒரு தனிப் பூ அல்ல. பல சிறு பூக்கள் ஒரே மேடையில் நெருக்கமாக இருக்கும் கூட்டம் அது. அந்தக் கூட்டத்தை அடியில் இருந்து பச்சைச் செதில்கள் சுற்றிப் பிடித்திருக்கும். ஒரு பூவை நகத்தால் நெடுக்காகப் பிளந்து பார். நடுவில் இருப்பவை குழாய் போன்ற சிறு பூக்கள். ஓரத்தில் இதழ் என்று நினைப்பது ஒவ்வொன்றும் நாக்குப் போல நீண்ட ஒரு முழுப் பூ. ஒவ்வொரு சிறு பூவுக்கும் அடியில், இதழுக்குக் கீழே, பின்னால் விதையாகப் போகும் சூலகம் இருக்கும். குழாய்ப் பூவுக்குள் மகரந்தப் பைகள் ஐந்தும் ஒட்டி ஒரு குழலாகி நிற்கும். சூலகத்தின் மேல் நிற்கும் சூல்தண்டு அந்தக் குழலுக்குள்ளால் வளர்ந்து மகரந்தத்தை வெளியே தள்ளிக்கொண்டு வரும். கைவில்லை, அதுதான் கையில் பிடிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒன்று இருந்தால் காலை வேளையில் நீயே காணலாம். உலகத்தில் இந்தக் குடும்பத்தில் 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவ்வளவும் இந்த ஓர் அமைப்பின் மேல்தான் நிற்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

சரி, உன் மூன்றாவது படம். "வேலியோரத்துக் கரிசலாங்கண்ணி, தங்கச்சி எண்ணெய் காய்ச்சப் போகிறாள்" என்று எழுதியிருந்தாய். அதைக் காய்ச்ச வேண்டாம் என்று சொல். அது கரிசலாங்கண்ணி இல்லை, கிணற்றடிப்பூண்டு. வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வார்கள். படத்தில் ஓரத்து நாக்குப் பூக்கள் ஐந்துதான் இருக்கின்றன, அகலமாக, நுனியில் மூன்று பல்லோடு. நடு மஞ்சள். பூ ஒரு சாணுக்குக் கிட்டிய தனிக் காம்பில் நிமிர்ந்து நிற்கிறது. மூன்றும் கிணற்றடிப்பூண்டின் அடையாளம். கரிசலாங்கண்ணியில் ஓரத்துப் பூக்கள் நூல் போல ஒடுக்கமானவை, எண்ணிக்கையும் அதிகம். நடுவும் மஞ்சள் இல்லை, வெண்மைதான். காம்பும் குட்டை. இலை தண்டில் நிற்கும் முறையைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று நினைக்காதே, இரண்டுக்கும் இலை எதிரெதிராகத்தான் வரும். ஆனால் கிணற்றடிப்பூண்டின் இலை ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், கரிசலாங்கண்ணியில் இலை நீண்டு ஒடுங்கியிருக்கும். இடமும் உதவும்: கரிசலாங்கண்ணிக்கு ஈரம் வேண்டும். வரம்பு, வாய்க்கால், குளத்தங்கரையில் தேடு. கிணற்றடிப்பூண்டு அமெரிக்க வெப்ப நாடுகளில் இருந்து வந்தது, காய்ந்த தரையிலும் தார் ரோட்டு ஓரத்திலும் தாராளமாக நிற்கும்.

கடைசியில் விதையைப் பார்த்து உறுதி செய்துகொள். கிணற்றடிப்பூண்டின் விதைத் தலையில் இறகு போன்ற மயிர்க்குஞ்சம் இருக்கும், ஊதினால் பறக்கும். கரிசலாங்கண்ணி விதையில் அந்தக் குஞ்சம் கிடையாது. பூ உதிர்ந்தபின் பச்சைத் தலை தட்டையாக, விதை நெருங்கி நிற்கும். தண்டைக் கசக்கி விட்டுக் கொஞ்சம் பொறுத்தால் சாறு கறுத்துவிடும். இவ்வளவையும் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டு.

அதைவிட எனக்குக் கவலை தந்தது ஐந்தாவது படம். பூ தெளிவில்லை, ஆனால் பின்னால் இலை தெரிகிறது: கரட் இலை மாதிரிப் பிளந்து பிளந்து, தண்டில் மாறி மாறி. தண்டில் நெடுகக் கோடு ஓடுகிறதா, பூக்கள் மிளகளவில், வெள்ளையாகக் கிளைகிளையாகப் பிரிந்து நிற்கின்றனவா என்று பார். ஓரத்தில் ஐந்தே ஐந்து குட்டி நாக்குப் பூ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது பார்த்தீனியம். உன் வவுனியாவில்தான் 1999 இல் அதை இலங்கையில் முதலில் பதிவு செய்தார்கள். தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும், மகரந்தம் சிலருக்கு மூச்சு முட்ட வைக்கும். மாடு தின்றால் பாலே கசக்கும். ஒரு செடி 15,000க்கும் மேல் விதை போடக்கூடியது. அதனால் பூக்க முன்னமே, கையுறை போட்டு, தரை ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்கு. பூத்துவிட்டால் குப்பைக் குழியில் போடாதே, பசளையோடு சேர்ந்து வளவு முழுக்கப் பரவிவிடும். இந்த ஒரு செடியைச் சின்னப் பிள்ளைகளுக்கும் காட்டி வைக்க வேண்டும். பெரியவர்கள் பலர் இதைச் சாதாரணக் களை என்று தாண்டிப் போகிறார்கள், எனக்கு மனம் கேட்பதில்லை.

ஊதாப் பூ இரண்டையும், முயற்செவியையும் சீதேவியார் செங்கழுநீரையும், ஒன்று என்று நீ எண்ணியதில் வியப்பில்லை. இரண்டிலும் நாக்குப் பூ இல்லை, எல்லாம் குழாய்ப் பூ. இரண்டிலும் விதைக்கு வெள்ளைக் குஞ்சம். திருப்பினால் வித்தியாசம் உடனே தெரியும். முயற்செவியில் அடிச் செதில்கள் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் சேர்ந்து வழுவழுப்பான குழாயாக நிற்கும். மேல் இலைகள் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். சீதேவியார் செங்கழுநீரில் செதில்கள் பல வரிசை, ஒன்றின் மேல் ஒன்று, வெளியே இருப்பவை குட்டையாக. அதன் இலை தண்டைத் தழுவாது. பூவின் நிறத்தை நம்பி இவற்றைப் பிரிக்க முயன்றால் ஏமாந்துபோவாய்.

இங்கே கடற்கரையிலும் இந்தக் குடும்பத்தில் ஒன்று உண்டு. நிலாவெளிப் பக்கம் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படரும் மணலில், தரையோடு தரையாக ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு இலைக்கொத்து வைக்கும். பூ மஞ்சள். புத்தகப் பெயர் லோனியா சர்மென்டோசா. அதில் நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. எல்லாச் சிறு பூவும் நாக்குப் பூதான். ஒன்றை இழுத்து நுனியைப் பார், ஐந்து பல் இருக்கும். ஐந்து இதழும் ஒட்டிப் பிறந்தவை அவை. கிணற்றடிப்பூண்டின் ஓரப் பூவில் மூன்று பல்தான், அங்கே மூன்று இதழ்தான் நாக்காக நீண்டிருக்கின்றன. ஐந்து பல் நாக்கு மட்டுமே உள்ள பூவைக் கண்டால் தண்டை முறித்துப் பார். அனேகமாக வெள்ளைப் பால் வடியும். இந்த ஓர் அடையாளம் தெரிந்தால் குடும்பத்தின் ஒரு கிளையையே தனியாகப் பிரித்துவிடலாம்.

அப்புறம், நீ அனுப்பிய ஏழாவது படம் இந்தக் குடும்பமே இல்லை. அது பொடுதலை. சின்னஞ்சிறு பூக்கள் கூடி ஒரு தலையாக நிற்பதால் அப்படித் தோன்றும். ஆனால் அடியில் சுற்றிப் பிடிக்கும் செதில் வளையம் அதற்கு இல்லை, பூக்கள் கீழிருந்து மேலாக வளையம் வளையமாக விரிந்து தலை நீண்டுகொண்டு போகும். தொட்டாச்சிணுங்கியின் உருண்டைப் பூவும் இந்தக் குடும்பம் இல்லை, அதன் பஞ்சு எல்லாம் மகரந்தத் தாள்கள். அவரைக் குடும்பத்துப் பிள்ளை அது.

பங்குனியில் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. அறுவடை முடிந்த தம்பலகாம வயல்களில் அப்போது கொட்டைக்கரந்தை பூத்திருக்கும். தண்டின் இரு பக்கமும் பல்பல்லாக இலைச்சிறகு ஓடும், கை பட்டால் மணக்கும். அதன் ஊதா உருண்டையைப் பிரித்தால், ஒவ்வொரு துண்டும் தனக்கென்று செதில் வைத்த ஒரு தனித் தலை. தலைகள் பல கூடி ஒரு தலை! அதை உனக்குக் கையில் வைத்துக் காட்ட வேண்டும். நேரம் இருந்தால் கந்தளாய்ப் பக்கமும் போவோம், குளத்து நீர் வற்றிய ஓரங்களில் மாசிபத்திரி கிடைக்கும். நாக்கே இல்லாத மஞ்சள் பொத்தான் பூ.

வரும்போது நல்ல கைவில்லை ஒன்று, பத்து மடங்கு காட்டக்கூடியது, வாங்கி வா. என்னுடையதைப் பேரன் எடுத்துக்கொண்டான். பார்த்தீனியம்தானா என்று பார்த்து இந்தக் கிழமைக்குள் ஒரு செய்தி போடு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
யோகன்