விபத்து நட்டஈடு: மேன்முறையீட்டுக்குப் பிரதி வரும்வரை காத்திராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீதி விபத்து வழக்கில் கிடைத்த நட்டஈடு போதாது என்று நினைப்பவர்களில் பலர், தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதி கைக்கு வரட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். பிரதி வரும்போது தவணை போய்விடுகிறது.

மேன்முறையீடு செய்யப்போவதாக முதலில் கொடுக்கும் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு அந்தப் பிரதி தேவையில்லை. நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், தரப்பினரின் பெயர் முகவரி, கேட்கும் நிவாரணம் ஆகியன போதும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 754ஆம் பிரிவு இதற்குத் தருவது 14 நாள். ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் சேராது, சனி சேரும். எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணையும், அறிவித்தல் அவர்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதற்கான சான்றும் கூடவே வேண்டும். காரணங்களை விரித்து எழுதும் மனுவுக்கு 60 நாள். அது அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு நாளிலிருந்தே ஓடும். இரண்டையும் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றத்திலேயே கொடுக்க வேண்டும், விசாரிப்பது குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றமாக இருந்தாலும்.

சட்டத்தரணியை மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய சட்டத்தரணிக்குக் கொடுத்த புறொக்சியை (அதிகாரப் பத்திரத்தை) முறைப்படி நீக்காமல் புதியவர் கையொப்பமிட்டால், எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் ஆட்சேபனை அதுதான். சிறு குறைகளை 759ஆம் பிரிவின் கீழ் மன்னிக்கலாம். 60 நாள் தவறினால் அந்தப் பிரிவு கைகொடுக்காது.

இனி மனு. ‘தொகை குறைவு’ என்று மட்டும் எழுதிப் பயனில்லை. எந்தச் சாட்சியத்தை நீதிபதி கவனிக்காமல் விட்டார் என்று காட்ட வேண்டும். வழக்கு விளக்கத்தின்போது சான்றாக அடையாளமிட்டு முன்வைக்காத மருத்துவ அறிக்கையை மேன்முறையீட்டில் புதிதாக நுழைப்பது மிகக் கடினம். மேசன், கடற்றொழிலாளி போன்றவர்களின் வருமானத்துக்குச் சாட்சி அழைக்காமல் விட்ட வழக்கை மேன்முறையீடு காப்பாற்றாது என்பதே என் எண்ணம்.

அதைவிட, விபத்தில் காயப்பட்டவருக்கும் நீதிபதி சுமத்திய கவனயீனப் பங்கைப் பாருங்கள். பத்து இலட்சம் என்று கணித்துவிட்டு, 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி காயப்பட்டவர் மீதும் 30 வீதம் தவறு என்றால், கைக்கு வருவது ஏழு இலட்சம். பொலிஸ் வரைபடமும் தடயங்களும் அந்த வீதத்துக்கு இடம் தராவிட்டால், வாதத்தை அங்கே வைப்பதே மேல்.

எதிர்த்தரப்புத்தான் மேன்முறையீடு செய்தது என்றாலும் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 763ஆம் பிரிவின் கீழ், மேன்முறையீடு முடியுமுன்பே தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கலாம். தொகையைக் கூட்டக் கேட்பதற்கு 772ஆம் பிரிவு உண்டு. அப்படிக் கூட்டக் கேட்கும் ஆட்சேபனையை எதிர்த்தரப்புக்கு விசாரணைக்கு 7 நாள் முன்னராவது எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும்.

சட்டத்தரணி ஒருவர்,
யாழ்ப்பாணம்.