கடைப் பெயர் தாங்கிய கடன் அட்டைகளை வழங்கும் வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

இணையச் சேவைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பல்பொருள் அங்காடி, துணிக்கடை, இணைய வணிகத் தளம் என ஏதேனும் ஒரு கடையின் பெயரைத் தாங்கிக்கொண்டு, உங்கள் வங்கியின் பணத்தில் ஓடும் கடன் அட்டைகளைப் பற்றி எழுதுகிறேன். அட்டையை வாங்குவதற்கு நீங்கள் போட்டிருக்கும் பாதையில் ஒரு கல்லும் இல்லை, முள்ளும் இல்லை. வாங்கியவர் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்வதற்கு நீங்கள் கட்டி வைத்திருக்கும் இணையதளத்தைப் பற்றியே இந்த மடல்.

என் பெரியம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, மதுரையில் இருக்கிறார். சென்ற ஆண்டு மாதச் சாமான் வாங்கப் போன கடையில், பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன், "எங்க கடை கார்டும்மா, இன்னைக்கு பில்லுல ஐந்நூறு ரூபா குறையும்" என்றான். பான் எண், ஆதார் எண், கைப்பேசிக்கு வந்த இரண்டு ஓடிபி, அவ்வளவுதான். அரிசியும் பருப்பும் பைக்குள் போய்ச் சேர்வதற்குள் அவர் உங்களில் ஒருவரின் கடனாளி ஆகிவிட்டார். எந்த வங்கி என்று இங்கே எழுதவில்லை. உறவினர்கள் வைத்திருக்கும் வேறு மூன்று கடை அட்டைகளின் தளங்களையும் பிறகு திறந்து பார்த்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தன.

"எங்க கடை கார்டு" என்று அந்தப் பையன் சொன்னதே விதிக்குப் புறம்பானது. ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை நெறிமுறைகள், இத்தகைய கூட்டு அட்டையைக் கடை தன் சொந்தப் பொருளாக விளம்பரப்படுத்தக் கூடாது என்றும், விளம்பரத்தில் வங்கியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றும் சொல்கின்றன. பெரியம்மாவுக்கு அது வங்கி அட்டை என்பதே முதல் பில் வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை கடையின் செயலியில் 'என் கார்டு' என்ற பொத்தானை அழுத்திப் பார்ப்பார். அது வேறொரு தளத்துக்குத் தள்ளிவிடும். அங்கே பயனர் பெயர் கேட்கும். அப்படி ஒன்றை யாரும் அவருக்குக் கொடுத்ததே இல்லை. கடையில் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். வங்கியின் உதவி எண்ணில் கேட்டால், கடையின் செயலி வழியாகப் பதிவு செய்யுங்கள் என்றார்கள். இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

பில் மின்னஞ்சலில் வந்தது. அதைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த நாளும் மாதமும் சேர்ந்ததுதான் கடவுச்சொல் என்று கீழே எழுதியிருந்தது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் நிற்கிறது என்பதும், பான் அட்டையில் அந்த ஓரெழுத்து முழுப் பெயராக விரிந்து முன்னேயோ பின்னேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதும், உங்கள் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாததால் ஆளுக்கொரு விதமாக எழுதி வைக்கிறார்கள் என்பதும் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இனிஷியலோடு போட்டோம், இல்லாமல் போட்டோம், புள்ளி வைத்துப் போட்டோம், இடைவெளி விட்டுப் போட்டோம். கடைசியில், இறந்து முப்பது ஆண்டுகளான தாத்தாவின் பெயரில் முதல் நான்கு எழுத்தைப் போட்டதும் பில் திறந்தது. பெரியம்மா சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அன்றுதான் பணம் கட்டக் கடைசி நாள்.

பணம் கட்டும் பக்கம்தான் இந்த மடலை எழுத வைத்தது. அதில் நுழைந்ததும் குறைந்தபட்சத் தொகை, அதாவது பில்லில் அந்த மாதம் கட்டாயம் கட்ட வேண்டிய சிறு பகுதி, முன்கூட்டியே தேர்வாகி, அதன் மேல் பச்சை நிறம் ஏறி நிற்கிறது. முழுத் தொகை அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர், கண் மங்கியவர், முதல்முறை வருபவர் எவரானாலும் பச்சையைத்தான் அழுத்துவார். அழுத்தினால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜூலை 5 அன்று 18,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கியதாகவும், ஜூலை 20 அன்று பில் வந்ததாகவும், ஆகஸ்ட் 9 கெடு தேதி என்றும், வட்டி மாதம் 3.5 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 42 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சத் தொகையாக, பில்லில் ஐந்து விழுக்காடான 900 ரூபாயைக் கெடு நாளில் கட்டியவர், சொன்னபடி கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் முழுத் தொகையைக் கட்டாததால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடுகிறது. வட்டி கெடு தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய ஜூலை 5லிருந்தே ஏறுகிறது. ஆகஸ்ட் 20 அன்று வரும் அடுத்த பில்லில் வட்டி ஏறத்தாழ 940 ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஏறத்தாழ 170 ரூபாய். 900 ரூபாய் கட்டியும் கடன் 18,200 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. வாங்கிய நாளில் இருந்ததை விட அதிகம்.

குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருபவரின் கடன் குறையாமல் வளர்ந்துகொண்டே போகும்படி அத்தொகையை வகுக்கக் கூடாது என்பதும் அதே நெறிமுறைகளில் உள்ளது. அதை மட்டும் கட்டி வந்தால் கடன் தீர மாதங்களும் ஆண்டுகளும் ஆகும், வட்டிக்கு வட்டி சேரும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட வேண்டும் என்பதும் உள்ளது. அச்சிட்டிருக்கிறீர்கள், மூன்றாம் பக்கத்தின் அடியில், ஆங்கிலத்தில். பில்லைத் திறக்கவே தாத்தாவின் பெயர் தேவைப்படும்போது மூன்றாம் பக்கம் வரை போகிறவர் எத்தனை பேர்? அந்த வாசகம் இருக்க வேண்டிய இடம், பணம் கட்டும் பக்கத்தில் அந்தப் பச்சைப் பொத்தானுக்கு நேர் மேலே. தமிழிலும் இருக்க வேண்டும். நிபந்தனைகளை அட்டைதாரருக்குப் புரியும் எளிய மொழியில், ஆங்கிலம், இந்தி, உள்ளூர் மொழி ஆகியவற்றில் தருவது விரும்பத்தக்கது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. தமிழில் ஓடிபி கேட்கத் தெரிந்த உங்களுக்குத் தமிழில் வட்டியைச் சொல்வது கடினமாக இராது.

தானாகப் பணம் கட்டும் வசதியிலும் இதே கதைதான். வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் எடுத்துக்கொள்ளும்படி பதிவு செய்யப் போனால், அங்கேயும் முதலில் தேர்வாகி நிற்பது குறைந்தபட்சத் தொகையே. மறதிக்கு மருந்தாக அதை வைத்தவர்கள் முழுத் தொகையை முதலில் வைத்திருக்கலாம்.

பெரியம்மா அட்டையே வேண்டாம் என்று முடிவு செய்தார். கணக்கை மூடும் இணைப்பைத் தேடி நான் அந்தத் தளத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்தேன். கடன் வரம்பை உயர்த்த முகப்பிலேயே இரண்டு இடத்தில் பொத்தான் இருக்கிறது. தவணையாக மாற்ற மூன்று இடத்தில். மூடுவதற்கு ஒன்றும் இல்லை. உரையாடல் பெட்டியில் கேட்டால், உங்கள் புள்ளிகளைப் பரிசாக மாற்றலாமே என்று பதில் வந்தது. தொலைபேசியில் பேசிய பெண், கடிதம் எழுதி அஞ்சலில் அனுப்பச் சொன்னார். மூடும் கோரிக்கைக்கான இணைப்பு இணையதளத்தில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், செயலியிலும் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் ஏற்க வேண்டும், அஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று விதி தெளிவாகவே இருக்கிறது. இதை எடுத்துச் சொன்னதும் ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. அதற்குள் 499 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் வரியுமாக 588 ரூபாய் 82 காசு பில்லில் ஏறி, நிலுவை இருப்பதால் மூட இயலாது என்று பதில் வந்தது. வாதாடத் தெம்பில்லாமல் அதையும் கட்டினோம்.

நிலுவை ஏதுமில்லாத கணக்கை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாயை வங்கி அட்டைதாரருக்குத் தர வேண்டும். பெரியம்மாவின் கணக்கு மூடப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தபோது அந்த ஏழு நாளுக்கு மேல் பதினொரு நாள் கழிந்திருந்தது. மூடும் கோரிக்கை வந்த நாள், முடிய வேண்டிய நாள், தாமதமானால் தர வேண்டிய தொகை ஆகிய மூன்றையும் கணக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள் என்று கேட்கிறேன். நாங்கள் கட்டத் தாமதித்தால் அபராதத்தைத் தானாகக் கணக்கிடும் அதே கணினிதானே இதையும் கணக்கிட வேண்டும்.

அந்த 5,500 ரூபாயைக் கேட்டுப் பெரியம்மா தம் கைப்பட எழுதி, நான் தட்டச்சு செய்து அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் இல்லை. முப்பது நாள் முடிந்ததும், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் முறையிடுவோம். அந்தப் படிவத்திலும் பெயர் எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில் இனிஷியலை எங்கே போடுவது என்று பெரியம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

இப்படிக்கு,
ஓர் அட்டைதாரரின் தங்கை மகன்