வசந்திக்கு, அண்ணனின் கிரியேட்டினின் பற்றி

அன்புள்ள வசந்தி,

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனி பயமில்லை என்று எல்லோரும் உட்கார்ந்த நேரத்தில் கிட்னி படுத்தும் என்று யார் எதிர்பார்த்தார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் முதல் நாள் 1.1, நார்மல் என்றார்கள், மூன்றாம் நாள் 2.3 என்றார்கள், இதை முதல் நாளே சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாதா என்று கேட்டிருக்கிறாய். லேபிலேயே காலம் தள்ளியவள் என்று என்னைக் கேட்கிறாய், சரி, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து தினமும் ரத்தத்தில் வந்து சேரும் கழிவு. கிட்னி வடிகட்டுவது குறைந்தால் அது தேங்கும், ஆனால் வடிகால் அடைத்த நிமிடமே தொட்டி நிரம்பிவிடாதே, தேங்கியது தெரிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதனால் முதல் நாள் 1.1 என்பது பெரும்பாலும் மாரடைப்புக்கு முந்தைய கிட்னியின் கணக்கு. அதுவும் அண்ணன் ஒல்லி, எழுபதைத் தாண்டியவர், தசை குறைவு, அவருடைய 1.1-ம் ஒரு பயில்வானின் 1.1-ம் ஒன்றல்ல. 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலே கிட்னி அடிபட்டதாகக் கொள்ள வேண்டும் என்பது 2012 முதல் உலகம் முழுக்க உள்ள வழிகாட்டுதல். 0.9 இருந்தவருக்கு 1.2 ஆனால் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்துகூட விழாது, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சீக்கிரம் சொல்லும் பரிசோதனை இல்லாமல் இல்லை. என்ஜிஏஎல் என்று ஒரு புரதம் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிரசாத் தேவராஜன் குழுவினர் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 71 குழந்தைகளிடம் பார்த்தார்கள், கிட்னி பாதிக்கப்பட்ட 20 பேருக்கும் இரண்டு மணி நேரத்திலேயே அது எகிறியிருந்தது, கிரியேட்டினின் ஏற ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆனது. படித்தபோது எங்கள் லேபில் எல்லோருக்கும் ஒரே உற்சாகம். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு வேறு நோய் எதுவும் இல்லை, அடி எந்த நிமிடம் விழுந்தது என்பதும் தெரியும். மாரடைப்போடு வருபவர் அப்படியா? சர்க்கரை, பழைய கிட்னிக் கோளாறு, சளிக் காய்ச்சல் எல்லாம் கூடவே வரும். என்ஜிஏஎல் வெள்ளணுக்களிலிருந்தும் வருவதால் தொற்று இருந்தாலே ஏறிவிடும். சிஸ்டாட்டின் சி இன்னொன்று, தசையை நம்பியதல்ல, ஒல்லியானவர்களுக்கு நல்லது, ஆனால் தைராய்டும் ஸ்டீராய்டு மாத்திரையும் அதைக் குழப்பும்.

ஆஞ்சியோ செய்யும்போது ரத்தக் குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றிய 'டை' என்ற சாயம்தான் காரணம் என்கிறானாமே உன் மகன். டைக்கும் பங்கு உண்டு, ஆனால் பழி முழுக்க அதன் மேல் போடாதே. இதயம் சரியாக அடிக்காதபோது கிட்னிக்குப் போகும் ரத்தம் குறைகிறது, திரும்பி வர வேண்டிய ரத்தமும் நாளங்களில் தேங்கி கிட்னியை அழுத்துகிறது. அன்றைக்கு பிரஷர் வேறு விழுந்திருக்கிறது. அந்த ஆஞ்சியோ செய்யாமல் இருந்திருந்தால் அண்ணனே நமக்கு மிஞ்சியிருப்பாரோ என்னவோ.

இன்னொன்று, முன்கூட்டியே தெரிந்தாலும் கிட்னியைக் காப்பாற்றும் மருந்து என்று ஒன்றும் இல்லை. டையிலிருந்து கிட்னியைக் காக்கும் என்று நம்பி அசிடைல் சிஸ்டீன் என்ற மருந்தை வருடக்கணக்கில் கொடுத்தார்கள், ஏறக்குறைய ஐயாயிரம் பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வு அதனால் பலன் இல்லை என்று காட்டிவிட்டது. முன்னெச்சரிக்கையால் பயன் வந்ததும் உண்டு. ஜெர்மனியில் மூன்ஸ்டரில், இதய அறுவைக்குப் பிறகு சிறுநீரில் ஒரு பரிசோதனை செய்து, ஆபத்து என்று காட்டியவர்களுக்கு பிரஷர், திரவம், சர்க்கரை எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்த்தார்கள், பாதிப்பு 72 சதவீதத்திலிருந்து 55க்கு இறங்கியது. மருந்து எதுவும் புதிதல்ல, கவனிப்புதான்.

இப்போது உன் கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதியதற்கு வருகிறேன். போன வருடம் கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் 0.8 என்று இருந்ததாமே. அதை யாரும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவில்லை. 0.8 இருந்தவர் 1.1-ஓடு வந்தார் என்றால் கிட்னி ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருக்கலாம். என்னைக் கேட்டால், எந்தப் புதிய பரிசோதனையையும்விட அந்தப் பழைய காகிதம் அன்றைக்கு அதிகம் பேசியிருக்கும். ஹீமோகுளோபின், சர்க்கரை, வயது இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் டாக்டருக்கு அதுவே போதுமான எச்சரிக்கை.

அண்ணன் மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கிப் போடுகிறாரே, அந்த டைக்ளோஃபினாக்கை உடனே நிறுத்தச் சொல். இதய மாத்திரையை மட்டும் கிட்னிக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்கள் என்று அவராக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். மூன்று மாதம் கழித்து கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் கட்டாயம் பார்க்க வேண்டும், இப்போது கிரியேட்டினின் 1.2க்கு இறங்கிவிட்டது என்று விட்டுவிடாதே.

இங்கே நானும் சும்மா இல்லை, டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் படிப்பு படிக்கும் பெண்கள் இரண்டு பேர் சாயங்காலம் வருகிறார்கள், மைக்ராஸ்கோப்பைவிட போனைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். சின்னவளுக்கு வரன் தேடுகிறோம், உங்கள் பக்கம் யாராவது இருந்தால் சொல். அண்ணனின் ரிப்போர்ட் எல்லாவற்றையும், அந்தக் கண்புரைக் காகிதத்தையும் சேர்த்து, வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
சாந்தா