வாசித்தவர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்த் திரையிசையில் பெரும் தாக்கம் ஏற்படுத்தியவர் யார் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் நான்கு வாரமாக வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படித்துவிட்டேன். ஒருவர் எத்தனை படம் என்று எண்ணினார். இன்னொருவர் 2009-ல் ரஹ்மான் வாங்கிய இரண்டு ஆஸ்கரைச் சொல்லி, இனிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டார். போன வாரம் ஒரு இளைஞர் யூடியூப்பில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். எல்லோரும் ரசித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் வாசித்த எங்களை யாரும் கேட்கவில்லையே என்றுதான் இதை எழுதுகிறேன்.

1977 முதல் 2004 வரை திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார், அதாவது கனத்த கீழ்ச் சுரங்களை வாசிக்கும் கிதார், வாசித்தேன். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். காலனியில் எங்களுக்கு நான்கு வீடு தள்ளி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் இருந்தார். கிதாரில் முதல் மூன்று கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, அவர் வீட்டுத் திண்ணையில்தான் பிடித்தேன். சமயபுரம் தேர், வயலூர், மணப்பாறை, துறையூர், முசிறி, பெரம்பலூர் என்று நாங்கள் மேடை ஏறாத ஊர் அந்தப் பக்கத்தில் குறைவு.

தாக்கம் என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் தாக்குவதும் இருக்கிறது. ஒரு இசையமைப்பாளர் வந்த பிறகு என் விரல்கள் எதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது, மேடையில் யாருக்குப் புது நாற்காலி போட்டோம், யார் நாற்காலியை எடுத்தோம் என்று பார்த்தால் எனக்கு விடை கிடைக்கிறது. விருதுப் பட்டியலில் அது தெரியாது.

அதற்கு முன் ஒரு திருத்தம். முதல் வாரக் கடிதத்தில் 'போனால் போகட்டும் போடா' பாடலை எம்.எஸ்.வி.யின், அதாவது எம்.எஸ்.விஸ்வநாதனின், பாடல் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். 1961-ல் வந்த 'பாலும் பழமும்' படத்துக்கு இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. 1952-ல் 'பணம்' தொடங்கி 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை அவர்கள் இரட்டையர். டி.கே.ராமமூர்த்தி எங்கள் திருச்சிக்காரர், வயலின் கலைஞர். இந்தப் பதின்மூன்று வருடப் பாட்டுகளில் அவர் பெயரை விட்டுவிட்டு எழுதுவதை எங்கள் ஊரில் யாரும் ஏற்க மாட்டார்கள். நானும்தான்.

இரட்டையர்கள் செய்தது என்ன என்று மேடையில் நின்றால்தான் தெரியும். அவர்களுக்கு முன்னால் எம்.கே.தியாகராஜ பாகவதர் பாட்டு இருந்தது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் பிச்சாண்டார்கோவிலில் பிறந்த இசையமைப்பாளர் ஜி.ராமநாதனின் பாட்டு இருந்தது. 'மன்மத லீலையை' மேடையில் பாட வேண்டுமென்றால் குரலில் பல வருடச் சாதகம் வேண்டும். பாகவதர் பாட்டைப் பாட எங்கள் குழுவில் ஒரே ஒரு பெரியவர் இருந்தார். அவர் வராத நாளில் அந்தப் பாட்டு கிடையாது. ஆனால் 'போனால் போகட்டும் போடா' என்று துண்டுச்சீட்டு வந்தால் பகலில் மில் வேலை பார்க்கும் எங்கள் பாடகர் எழுந்து நின்று பாடிவிடுவார். படத்தில் பாடிய டி.எம்.எஸ். மாதிரி வருமா என்றால் வராது. ஆனால் கூட்டத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கேட்கிறவனே பாடலாம் என்கிற துணிச்சலை அவர்கள் பாட்டுதான் கொடுத்தது. எங்களைப் போன்ற குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்ததற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். அவர்களை 'மெல்லிசை மன்னர்கள்' என்றார்கள். எங்கள் பெயர்ப் பலகையிலும் 'மெல்லிசை' என்றுதான் இருந்தது.

சரி, என் ஓட்டு யாருக்கு? இளையராஜாவுக்கு. பேஸ் கிதார்க்காரன் வேறு யாரைச் சொல்வான் என்று கேட்பீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

நான் குழுவில் சேர்ந்தபோது இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்போது மேடையில் என் வேலை சுலபம். கார்டின் அடி சுரத்தைப் பிடித்துக்கொண்டு தாளத்தோடு போனால் போதும். பேஸ் இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்று தெரியும், இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அப்புறம் 1980-ல் 'மூடுபனி' வந்தது. 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைக் கேட்டுவிட்டு எங்கள் லீட் கிதார்க்காரர் இரண்டு நாள் தூங்கவில்லை. அவர் கவலை ஆரம்பத்தில் வரும் கிதார். என் கவலை கீழே போய்க்கொண்டிருந்த பேஸ். யேசுதாஸ் ஒரு வழியில் போக, அது தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தது. இரண்டு வருடம் கழித்து 'பனிவிழும் மலர்வனம்' வந்தபோது, அந்தப் பேஸைத் தனியாக வாசித்தால்கூட அதுவே ஒரு பாட்டாக நிற்கும் என்பதைக் கண்டுகொண்டேன்.

இதை எப்படிக் கற்றோம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நோட்டேஷன், அதாவது எழுதிய இசைக் குறிப்பு, எங்கள் கைக்கு வராது. கேசட்டைப் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் போட வேண்டும். சின்ன டேப் ரிக்கார்டரில் பேஸ் சரியாகக் கேட்காது. அந்தக் காலத்தில் டீக்கடைகளில் ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், பானைக்குள் போய் வரும் சத்தம் கனமாக இருக்கும் என்று. நானும் வீட்டில் ஒரு பானை வாங்கி அப்படியே செய்தேன். 'பனிவிழும் மலர்வனம்' என் கைக்கு வர பதினோரு நாள் ஆனது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டியதில் கேசட் இழுத்துக்கொண்டு, இன்னொன்று பதிவு செய்து வாங்கினேன்.

இது நான் ஒருவன் பட்ட பாடு அல்ல. எங்கள் புல்லாங்குழல்காரர், டிரம்ஸ்காரர், வயலின்காரர்கள் இருவர் எல்லோரும் அந்தப் பத்து வருடத்தில் மறுபடி மாணவர்களானோம். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்டேஷன் எழுதிக் கொடுப்பார் என்று சென்னை போய் வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு, இருபத்தைந்து வயதில் பாலக்கரையில் தேவாலய இசை கற்பிக்கும் ஒருவரிடம் போய் ஐந்து கோட்டு நோட்டேஷன் படித்தேன். என்னோடு படித்தவர்களில் ஒருவர் தவுலடிக்கும் குடும்பத்துப் பையன். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாக ஆர்மோனியம் வாசித்து, பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர் இளையராஜா. எங்களைப் போலவே மேடையிலிருந்து போனவர். அவர் படித்தார் என்றால் நாமும் படிக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. ஒரு கலைஞரின் பாட்டைக் கேட்டு ரசிப்பவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். அந்தப் பாட்டுக்காகவே சின்ன ஊர்களில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து படித்தார்கள் என்றால், அதை வேறு எந்தக் கணக்கோடும் ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ரஹ்மான் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே என் மனதில் இருப்பதை நேராகவே சொல்கிறேன். 1992-ல் 'ரோஜா' வந்தபோது 'சின்னச் சின்ன ஆசை' எங்களுக்கும் பிடித்தது. எப்படியோ சமாளித்து வாசித்தோம். 1994-ல் 'காதலன்' வந்தது. மேடைக்கு மேடை 'முக்காலா' கேட்டுச் சீட்டு குவிந்தது. அந்தச் சத்தத்தை நான் கிதாரில் எப்படி வாசித்தாலும் கேசட்டில் கேட்ட மாதிரி வரவில்லை. கூட்டம் கேசட்டில் கேட்டதைத்தான் கேட்கும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த கீபோர்டு பையன் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "அண்ணே, இந்தப் பாட்டுக்கு மட்டும் பேஸ் கீபோர்டுலயே வாசிச்சுடறேண்ணே" என்றான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான். அந்தப் பாட்டு முழுக்க நான் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

1978-ல் பாடகர்கள் தவிர பதினான்கு பேர் வாசித்தோம். 2000-ல் ஆறு பேர். அக்கார்டியன் முதலில் போனது, பிறகு வயலின், பிறகு புல்லாங்குழல். தபேலாக்காரரின் இடத்தில் ரிதம் பேடு என்ற மின் தாளக் கருவி வந்தது. கடைசியில் மைனஸ் ட்ராக், அதாவது பாடகர் குரல் மட்டும் இல்லாத இசைப் பதிவு, வந்து எங்கள் எல்லோரையும் அனுப்பியது. வயலின்காரர்களில் ஒருவர் திருவானைக்காவலில் மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனார். வயலினை விற்கவில்லை. விற்றுவிட்டீர்களா என்று யாராவது கேட்டால் கோபம் வரும் அவருக்கு.

இதற்கெல்லாம் ரஹ்மானைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அவர் இல்லாவிட்டாலும் கீபோர்டும் கணினியும் வந்திருக்கும். அவர் பாட்டில் அது அவ்வளவு அழகாக வந்ததால் எங்கள் பக்கம் சீக்கிரம் வந்தது, அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டில் வாசித்தவர்களின் பெயர் அச்சாகி நான் முதன்முதலில் பார்த்தது ரஹ்மானின் கேசட் உறையில்தான். புல்லாங்குழல் நவீன், பேஸ் கிதார் கீத் பீட்டர்ஸ் என்று படித்தபோது, அந்த உறையை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

ஏனென்றால் அதுவரை நான் பதினோரு நாள் பானையோடு உட்கார்ந்து கற்ற அந்தப் பேஸை வாசித்தவர் யார் என்றே எனக்குத் தெரியாது. இளையராஜாவிடம் பேஸ் வாசித்தவர் சசிதரன் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். கிதார் சதானந்தம், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல், வயலின் வி.எஸ்.நரசிம்மன், புல்லாங்குழல் அருண்மொழி. அதற்கு முன் எம்.எஸ்.வி.யிடம் அக்கார்டியன் மங்களமூர்த்தி, ஷெனாய் சத்யம், டிரம்ஸ் நோயல் கிராண்ட், தபேலா பிரசாத். இப்போது சனி, ஞாயிறு மாலைகளில் பதினோரு பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லித் தருகிறேன். அதில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பாட்டிலிருந்து பேஸை மட்டும் பிரித்துக் கொடுக்கும் செயலியை வைத்து 'பனிவிழும் மலர்வனம்' பாட்டை மூன்று நாளில் பிடித்துவிட்டாள். வாசித்துக் காட்டிவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "இது யார் சார் வாசிச்சது?"

நான்கு வாரக் கடிதங்களில் இந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை. பெரிய பெயர்கள் மூன்று நான்கைப் பற்றி நாம் சண்டை போடலாம், அதில் எனக்கும் ஆசை உண்டு என்பதுதான் மேலேயே தெரிந்துவிட்டதே. ஆனால் அந்தத் தாக்கம் எங்களுக்கு வந்து சேர்ந்தது இவர்கள் விரல் வழியாக. ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அதில் யார் யார் என்ன வாசித்தார்கள் என்று ஒரு கால் பக்கம் போடுங்கள். இவர்களில் சிலர் இப்போது இல்லை. இருப்பவர்களிடம் கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது.

பாட்டுகளை ஊருக்குள் கொண்டுவந்த மேடைக் கலைஞர்களைப் பற்றியும் எழுத நினைத்தால், திருச்சி, லால்குடி, துறையூர் பக்கம் எட்டுப் பேர் வீடு எனக்குத் தெரியும். ஒருவர் வீட்டில் 1970-களின் அக்கார்டியன் இன்னும் வாசிக்கும் நிலையில் இருக்கிறது. உங்கள் நிருபர் வந்தால் நானே கூட்டிப் போகிறேன். வார நாட்களில் காலையில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு மெல்லிசைக் குழு பேஸ் கிதார்க் கலைஞர்,
பொன்மலை, திருச்சி.