பூ அலங்காரப் பட்டயப் படிப்பின் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கமுங்க.

புதிய பாடத்திட்டத்தைப் பார்த்தோம். வரலாற்றுப் பகுதியில் எகிப்தியர் தாமரை, கிரேக்கர் இலைவளையம், விக்டோரியா காலக் கைச்செண்டு, ஜப்பானின் கியோட்டோ கோயில் படையலில் தொடங்கிய இக்கெபானா என்ற பூ அலங்காரக் கலை எல்லாம் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் வெவ்வேறு பருவத்துப் பூக்களைத் தனித்தனியே வரைந்து வைத்து ஒரே சாடியில் சேர்த்த நுட்பமும் இருக்கிறது. பிள்ளைகள் இவற்றைப் படிக்கட்டும், நல்லதுதான். நம் மாலைக்கு மட்டும் அங்கே ஒரு வரி இல்லை. குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. தலையில் கண்ணி, மார்பில் தார் என்று அணியும் இடத்துக்கொரு வடிவம் இருந்தது. கரூர் பக்கத்துப் புகழூர்க் கல்வெட்டில் நிற்கும் சேரருக்குப் பனம்பூ அடையாளம். கொங்கு மண்ணில் நடக்கும் படிப்பில் இதற்கு இடமில்லையா?

செய்முறையில் பூத்தொடுப்புக்கு ஒரே வகுப்பு, அதுவும் சாயங்காலம் நாலு மணிக்கு. சத்தியமங்கலம் மல்லியை விடியுமுன் மொட்டாகப் பறிப்பார்கள். பொழுது சாயச் சாய அது வாய் திறக்கும். நெகிழ்ந்த பூவை முடிச்சில் இறுக்கினால் இதழ் காம்பை விட்டுக் கழன்று வந்துவிடும். போதாததற்குக் கையில் நைலான் நூல். இறுக்கினால் காம்பை அறுக்கும், தளர்த்தினால் வழுக்கும். காய்ந்த வாழைப்பட்டையைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்த நாராக இருந்தால் அறுக்காமல் பிடிக்கும். இந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, அந்தப் பக்கம் ரெண்டு மொட்டு, காம்போடு காம்பு சேர்த்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. பார்க்க எளிது, இழுப்பின் அளவு விரலுக்குப் பிடிபடப் பல நாள் ஆகும். ஒரு வகுப்பில் முழம் பூக்கூடக் கட்ட வராது. பிறகு பிள்ளைக்குக் கை வரவில்லை என்று மதிப்பெண் குறைக்கிறீர்கள். அது நியாயமில்லை.

பூக்காம்பைச் செருகி நிறுத்த 1954இல் அமெரிக்காவில் வந்த பச்சை நுரைக்கட்டிக்கோ ஆறு வகுப்பு. தண்ணீரில் அதை அமுக்கினால் நடுவே காற்று தங்கி உள்ளே காய்ந்தே கிடக்கும் என்பதையாவது சொல்லிக்கொடுங்கள். ஒருமுறை காய்ந்தால் மறுபடி சரியாக நீர் பிடிக்காது, தூளானாலும் மக்காது.

கோயில் மாலை குறைந்த விலை ஏலத்துக்குப் போகிறது, கல்யாண மண்டப மேடையில் பிளாஸ்டிக் பூ ஏறுகிறது, நைலானோடு குப்பையில் விழும் மாலையை மாடு தின்கிறது. கேட்பாரில்லை. அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லைதான். பாடத்திட்டம் உங்கள் கையில் இருக்கிறது.

மாலைத் தொடுப்பை வரலாற்றிலும் செய்முறையிலும் முழுப் பாடமாக வையுங்கள். வகுப்பைக் காலை ஏழு மணிக்கு மாற்றுங்கள், வாழைநார் வாங்கிக் கொடுங்கள். தலைமுறையாக மாலை கட்டுகிறவர்களைச் சான்றிதழ் இல்லையென்று திருப்பி அனுப்பாமல், ஆசிரியருக்குரிய ஊதியத்தோடு அழையுங்கள். அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாலை கட்டும் தொழிலாளர்கள்