சின்ன ரிவால்வருக்கும் ஹாலோ பாயின்ட்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தற்காப்புக்கு ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், கண்ணை மூடிக்கொண்டு ஹாலோ பாயின்ட் தோட்டா வாங்கலாம் என்று எழுதியிருந்தது. பெரிய காலிபருக்கு, அதாவது அகலமான குண்டுக்கு, சரி. .22, .32 போன்ற சின்ன ரிவால்வருக்கும் அதையே சொன்னால் எப்படி?

ஹாலோ பாயின்ட் என்பது முனையில் குழி விட்ட குண்டு. பட்டதும் அது விரிய வேண்டும், விரிவதற்கு வேகம் வேண்டும். இரண்டு அங்குலக் குழலில் அந்த வேகம் எங்கே வருகிறது? பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம் பெரும்பாலும் இதைவிட நீளமான குழலில் அளந்தது, .22 என்றால் பல நேரம் ரைஃபிளிலேயே அளந்தது. அதனால் ஒன்று, குழி துணியில் அடைபட்டு விரியாமலே போகும். இல்லையென்றால் விரிந்துவிட்டு ஆழம் போகாமல் நின்றுவிடும். 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வைத்துக்கொண்ட கணக்கு, உடல் சதைக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கும் ஜெல்லில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை இறங்க வேண்டும் என்பது. சின்னக் குண்டுக்கு இருப்பதே கொஞ்சம் சக்தி, அதையும் விரிவதில் செலவழித்துவிட்டால் இறங்குவதற்கு என்ன மிச்சம்? .32 லாங் ரிவால்வருக்கு, போட்டிகளில் இலக்கு சுடுகிறவர்கள் போடும் தட்டை முனை வாட்கட்டரே போதும் என்பது என் கட்சி. உதை குறைவு, நேராக இறங்கும். முனை தட்டையாக இருப்பதால் அவசரத்தில் நிரப்பும்போது சிலிண்டர் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளை) ஓட்டையின் விளிம்பில் முட்டும், அது ஒன்றுதான் தொல்லை.

.22-ல் கவலையே வேறு. அதில் வெடிக்க வைக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது, சுற்றிலும் சமமாகப் பரவாமல் போனால் ஊசி அடித்தும் வெடிக்காது. ஒருமுறை பயிற்சியில் மலிவான தோட்டா ஐம்பது சுட்டதில் மூன்று வெறும் ‘டிக்’ என்று நின்றன. முப்பது நொடி குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் பிடித்திருந்து, அப்புறம் எடுத்துப் பார்த்தால் ஊசித் தடம் ஆழமாகத்தான் பதிந்திருந்தது. அதே தோட்டாக்களைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு அடித்தேன், இரண்டு வெடித்தன. ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் உயிருக்கு ஓடும் நேரத்தில் அந்த ஒரு ‘டிக்’ பெரிய விஷயம். .22 மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், குழி இல்லாத, 40 கிரெய்ன் எடையுள்ள குண்டு, நல்ல தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள், காசு கூடினாலும் பரவாயில்லை.

கட்டுரை தொடவே தொடாத இன்னொன்று. எடை குறைந்த ரிவால்வரில் .32 மேக்னம் போன்ற காரமான தோட்டா போட்டால், உதைக்கிற உதையில் மிச்சத் தோட்டாக்களின் குண்டு கூட்டை விட்டு முன்னால் நகரும். கொஞ்சம் அதிகம் நகர்ந்தால் சிலிண்டர் சுற்றாது, கையில் இருப்பது இரும்புத் துண்டுதான். வாங்கியதும் சிலிண்டரை நிரப்பி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சுட்டு, அந்த ஒன்றை எடுத்துப் புதுத் தோட்டா பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நான் பார்த்தபோது நகக்கனம் நீண்டிருந்தது. அந்தப் பெட்டியை அன்றைக்கே பயிற்சிக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்